மனைவியை லண்டனுக்குக் கூப்பிட: வருமானக் கணக்கு

தம்பி, 2024 ஏப்ரல் 11-லிருந்து மனைவி விசாவுக்கு முதல்முறை விண்ணப்பித்தால், கூப்பிடுகிற கணவனுக்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட் வேண்டும். ஒரே கம்பெனியில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் சுலபம்: ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே மாதங்களின் வங்கி ஸ்டேட்மென்ட், கம்பெனிக் கடிதம். கையில் வந்த சம்பளம் ஸ்டேட்மென்டில் பெனி பிசகாமல் விழுந்திருக்கிறதா என்று மாதாமாதம் டிக் போட்டுப் பார். நான் உன் அண்ணிக்குப் போட்டபோது பச்சைப் பேனாவும் கையுமாகத்தான் உட்கார்ந்தேன். கடைசி ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து 28 நாளுக்குள் விண்ணப்பித்துவிடு.

வருமானம் பற்றாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். ஆனால் கணக்கு கொடுமை: குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி 16,000 கூட்டு. 4,000 குறைந்தால் 26,000 பவுண்ட்! அதுவும் ஆறு மாதம் உங்கள் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். அப்பா சும்மா கொடுத்த பணம் செல்லும்; கடன் வாங்கியது செல்லாது.