புளியரை மலைச்சாலையில் மீண்டும் மீண்டும் பழுதாகும் கியர் பாக்ஸ்

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரியில் கியர் பாக்ஸ் இரண்டாம் முறையும் பழுதானால், அதை இறக்குவதற்கு முன் கிளட்சைச் சோதிக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்துச் சில நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போடும்போது கறகறவென்று சத்தம் வந்தால், கிளட்ச் இன்ஜினிலிருந்து முழுமையாக விடுபடவில்லை என்று கொள்ளலாம். அந்நிலையில், கிளட்சை விடுவிக்கக் காற்றழுத்தத்தால் உதவும் கிளட்ச் பூஸ்டரில் கசிவு உண்டா என்று பார்க்காமல், கியர் மாற்றும்போது சுழல்வேகத்தைச் சமன்படுத்தும் சின்க்ரோனைசர் வளையங்களைப் புதிதாக மாட்டுவது வீண்செலவு.

அடுத்து, கியர் ஆயிலைச் சூடு ஆறுவதற்குள் வடித்துப் பார்க்க வேண்டும். ஆயில் வடிக்கும் துளையின் காந்த மூடியில் பசைபோல ஒட்டிய நுண்ணிய உலோகத் துகள் இயல்பானது; செதில்களோ பல்துண்டோ கிடைத்தால் வண்டியை நகர்த்தக் கூடாது. ஆயில் பால்நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பலரும் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. மலையில் நின்றுபோன வண்டியை, கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றாமல் பின்சக்கரங்கள் உருள இழுத்துவந்தால், கியர் பாக்ஸுக்குள் அதோடு இணைந்த மெயின் ஷாஃப்ட் மட்டும் சுழலும். இன்ஜின் ஓடாததால், ஆயிலை வாரி மேலே இறைக்கும் கவுன்டர் ஷாஃப்ட் அசையாமல் நிற்க, ஆயில் மேலேறாமல் பேரிங்குகள் கருகும். நான்கு போல்ட்டுகளைக் கழற்றச் சோம்பியதன் விலை, அடுத்த நடையில்தான் தெரியவரும்.