இளையோர் கதையில் மனநோயும் மரணமும்: இதையெல்லாம் தவிருங்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளின் கதைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். எங்கள் செட் அந்த வயதில் செய்த அதே பிழைகள்தான். எழுத்துப்பிழையை விடுங்கள், அது சரியாகிவிடும்.

கடைசிக் கடிதம்

ஓ எல் பரீட்சைப் பெறுபேறு வருகிறது, கணக்கு பெயில், அன்று இரவே அக்கா உயிரை விடுகிறாள், மேசையில் ஒரு கடிதம், அதை வாசித்து அம்மா திருந்துகிறார், திட்டிய வாத்தியாரும் திருந்துகிறார், முற்றும். எத்தனை தடவைதான் இதையே வாசிப்பது? "உண்மையா நடந்தது சேர்" என்றார் ஒரு தம்பி. நடந்திருக்கும். ஆனால் பெறுபேறு மட்டுமா காரணம்? அதற்கு முன்னால் அவள் தூங்காத மாதங்கள், சாப்பாட்டை ஒதுக்கியது, கூட்டாளிகளை விட்டு விலகியது எல்லாம் எங்கே? எல்லாரும் திருந்துவதால் செத்தவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடுகிறது, அதை அதே பாடத்தில் பெயிலான இன்னொரு பிள்ளை வாசிக்கும். எப்படி இறந்தார் என்று விவரிக்காதீர்கள், ஒரே காரணத்தில் அடைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் செய்தியாளர்களுக்குச் சொல்வது நமக்கும்தான். இலங்கையில் தற்கொலை வீதம் 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பிறகு பாதிக்கும் மேல் குறைந்தது. உயிரை விடத் தோன்றும் அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். தாண்டியவளைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை?

தனியறை

"கதவைத் தாழிட்டு மூன்று நாள் அழுதாள்." தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எந்தக் கதவை? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, உள்ளே அப்பத்தா, தம்பி, அடுப்புப் புகை, பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அழுவதற்குத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போனால் அங்கேயும் ஆள். அதை எழுதுங்கள்.

மாத்திரை போட்ட மறுநாளே சிரிப்பது

நடக்காது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரமாவது எடுக்கும்.

கோடங்கி வில்லன்

குறி சொல்லும் கோடங்கியை வில்லனாக்க வேண்டாம். கிளினிக் டவுனில் இருக்கிறது, போனால் ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், கோடங்கி பக்கத்திலேயே இருக்கிறார். அம்மா எங்கே முதலில் போவார்?

இழப்பு என்றால் சாவு மட்டும்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வீடியோ கோல் வரும்போது பேசமாட்டேன் என்று ஓடிப்போகும் பிள்ளையைக் கதையில் நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம், கதைக்குக் கீழே 1926 என்று போடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.