ஸ்கின் கிளினிக் கவுன்சிலர் வேலை: பகுதிநேரமாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்துவிட்டு ஷிப்ட் வேலைக்குப் போக முடியாமல் இருப்பவர்களுக்கு இந்த வேலை நன்றாக ஒத்துவரும். ஸ்கின் கிளினிக்குகளில் கூட்டம் மாலையிலும் வார இறுதியிலும்தான். வருபவரிடம் பேசிச் சிகிச்சையை விளக்கும் கவுன்சிலர் தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான். ரெஸ்யூமே எழுதுவது, கிளினிக் தேடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருவோம்.

1. ஊசியைத் தொடாதீர்கள்

போடாக்ஸ் (சுருக்கத்துக்கான ஊசி), ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஊசி), பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஊசியில் ஏற்றுவது), முடி நடவு எல்லாமே பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை. 2016இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். யூடியூப் பார்ப்பதையெல்லாம் முடி நடவுக்கான பயிற்சியாக ஏற்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் சொல்ல வேண்டியிருந்தது. ‘காஸ்மெட்டாலஜி டிப்ளமோ முடித்தால் நீங்களே ஊசி போடலாம்’ என்று விளம்பரம் செய்யும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். கேள்வி கேட்பது, விளக்குவது, படம் எடுப்பது, பின்தொடர்வது: கவுன்சிலர் வேலை அவ்வளவுதான்.

2. முதலில் ஒரே ஒரு சிகிச்சையை முழுதாகப் படியுங்கள்

லேசர் முடி நீக்கத்தில் தொடங்குங்கள். கிளினிக்கில் சேரும் முன் என்ன மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தோலின் நிறத்தை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவில் நம் ஊர்த் தோல் பெரும்பாலும் 4, 5. 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரின் ஒளியை முடியைப் போலவே தோலில் உள்ள மெலனின் என்ற நிறமியும் உறிஞ்சிக்கொள்ளும். சுட்டு, கருமை படியும் ஆபத்து அதிகம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரின் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், ஆழமாகவும் இறங்கும்; அதனால் கருந்தோலுக்குப் பாதுகாப்பானது. டயோட் லேசர் இவை இரண்டுக்கும் நடுவில்.

பொதுவாக 6 முதல் 8 சிட்டிங் தேவைப்படும். முகத்துக்கு 4–6 வாரம், உடம்புக்கு 6–8 வாரம் இடைவெளி. வருவதற்கு 4 வாரம் முன்பிருந்தே வேக்சிங், த்ரெட்டிங் கூடாது. வேர் இல்லாவிட்டால் லேசருக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. ஷேவ் செய்யலாம். ‘நிரந்தரமாகப் போய்விடும்’ என்று சொல்லாதீர்கள், ‘குறையும்’ என்பதே சரி. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் தாடையில் முடி திரும்ப வரும். அதை முதல் நாளே சொல்லாமல் விட்டால், எட்டாவது சிட்டிங்கில் ரிசப்ஷனில் சண்டை நடக்கும்.

3. ‘என்ன க்ரீம் போடுகிறீர்கள்?’

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இப்படிக் கேட்டால் பத்தில் எட்டு பேர் ‘ஒண்ணும் போடலை’ என்பார்கள். பொய் சொல்வதில்லை. மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கிய ட்யூபை அவர்கள் மருந்தாகக் கருதுவதில்லை, ‘ஃபேஸ் க்ரீம்’ என்றுதான் நினைக்கிறார்கள். கேள்வியை மாற்றுங்கள்: ‘முகம் பளிச்சுனு ஆகறதுக்கு யாராவது சொல்லி எதாவது ட்யூப் வாங்கினீங்களா? பார்லர்ல டப்பாவுல போட்டுக் குடுத்தாங்களா? வீட்டுல இருந்தா போட்டோ அனுப்பச் சொல்லுங்களேன்.’

படம் வந்ததும் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள பெயர்களைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தால் ஸ்டீராய்டு. இரண்டு நாள் போடாவிட்டால் எரிச்சல், சிவப்பு; கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள்; திடீரென்று பரு. இவையெல்லாம் அதன் அடையாளங்கள். முகத்தில் பூனைமுடி அடர்வதும் அதனால்தான். அந்த முடியை எடுக்கத்தான் அவர் லேசருக்கே வந்திருப்பார்! மெலிந்துபோன தோலில் லேசர் வைத்தால் புண்ணாகும். பேக்கேஜ் (எல்லா சிட்டிங்குக்கும் சேர்த்து ஒரே விலை) பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். ‘இன்றே நிறுத்துங்கள்’ என்று நீங்கள் சொல்லக் கூடாது. சட்டென்று விட்டால் முகம் கொப்பளித்து இன்னும் மோசமாகும். எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.

4. படம்

ரிங் லைட் வேண்டவே வேண்டாம். மங்கு, தழும்பு எல்லாவற்றையும் மழுப்பிவிடும். ஜன்னலை மூடி, எப்போதும் ஒரே ட்யூப் லைட், ஒரே சுவர், தரையில் டேப் ஒட்டிய ஒரே இடம். போனின் பின்பக்க கேமராவை 2 மடங்கு ஜூமில், ஒரு மீட்டருக்குச் சற்றுத் தள்ளி ஸ்டாண்டில் வையுங்கள். கிட்டே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். பியூட்டி மோடு அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நேர், இரு பக்கமும் 45 பாகை, இரு பக்கமும் 90 பாகை என ஐந்து படங்கள். மேக்கப் துடைத்ததும் எடுக்காதீர்கள், தேய்த்த சிவப்பு அடங்கக் கால் மணி நேரம் விடுங்கள்.

ஒப்புதல் படிவம் இரண்டு வேண்டும். கேஸ் ஷீட்டுக்கு ஒன்று, விளம்பரத்துக்குத் தனியாக ஒன்று. ஒரே கையெழுத்தில் இரண்டையும் வாங்கும் கிளினிக்கில் கவனமாக இருங்கள்.

5. சம்பளப் பேச்சு

மணிக்கணக்கில் பேசுங்கள். பேக்கேஜில் சதவீதம் ஆசை காட்டுவார்கள். அதை வாங்கிக்கொண்டால் மூன்றாம் பகுதியில் சொன்னதுபோல ஸ்டீராய்டு க்ரீம் போட்டு வருபவரைத் திருப்பி அனுப்பக் கை வராது. வெளியிலிருந்து ஆள் அனுப்பினால் கமிஷன் என்பது இன்னும் சிக்கல்: 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள்படி நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் கொடுப்பதும் தவறு, வாங்குவதும் தவறு. ஃபாலோ-அப் போன் பேசும் நேரமும் மணிக்கணக்கில் சேரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால் 10% டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்கலாம். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் போட்டால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும்.

பின்சேர்க்கை: இரண்டு கிளினிக்கில் ஒரே போன் நம்பரை வைத்து வேலை செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். கிளினிக்கின் சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள், விலகும்போது சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வரும் நோயாளிப் படங்கள் தானாக கேலரியில் சேமிப்பாவதை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் குடும்பப் படங்களோடு அவையும் கூகுள் போட்டோஸில் ஏறிவிடலாம்.