போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் பெயர்களைச் சிறிய எழுத்திலேயே வையுங்கள்
பைத்தான், ஜாவா ஆகிய நிரல்மொழிகளில் ஒரு பெயரின் முதலெழுத்தைப் பெரியதாக்கினாலே அது வேறொரு பெயராகிவிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளமோ, மேற்கோள் குறியின்றி எழுதப்படும் அட்டவணைப் பெயர்களையும் நெடுவரிசைப் பெயர்களையும் தானாகவே சிறிய எழுத்துகளாக மாற்றிக்கொள்கிறது. ஆரக்கிள் என்ற மற்றொரு தரவுத்தளம் இதற்கு நேர்மாறாக, பெரிய எழுத்துகளாக மாற்றும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் பெரிய எழுத்து கலந்த பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்து ஓர் அட்டவணையை உருவாக்கிவிட்டால், அதன்பின் எழுதும் ஒவ்வொரு வினவலிலும் அதே மேற்கோளை இட்டாக வேண்டும். மறந்தால், கண்முன்னே இருக்கும் அட்டவணையையே இல்லை என்று தரவுத்தளம் சாதிக்கும். (சில நிரல் நூலகங்கள் நாம் கேளாமலேயே இந்த மேற்கோளை இட்டுவிடுவது தனித் தொல்லை.) ஆகவே பெயர் முழுவதையும் சிறிய எழுத்தில் அமைத்து, படிப்பதற்கு எளிதாகச் சொற்களுக்கிடையே அடிக்கோடு இடுங்கள். 63 பைட்டுகளைத் தாண்டும் பெயரின் வால் வெட்டப்பட்டுவிடும் என்பதால், நீளத்திலும் சற்றுக் கவனம் தேவை.