மூளைக் கட்டின்னு சொல்லிட்டாங்களா? புருஷன் பொண்டாட்டி சேர்ந்தே முடிவெடுக்கறது எப்படி

ரிப்போர்ட் கைக்கு வந்த அன்னைக்கே வீடு நெறைய சொந்தக்காரங்க வந்துருவாங்க, வேலூர் போங்கம்பாங்க, அடையாறு போங்கம்பாங்க, கூடவே யாராவது ஒருத்தர் ஓரமா கூப்பிட்டு "அவருகிட்ட மட்டும் சொல்லிராதம்மா, மனசு விட்டுருவாரு"ன்னு சொல்லுவாங்க. அந்த கடைசி யோசனைய மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. இந்த வியாதியில போகப்போக பேச்சு, ஞாபகம் ரெண்டும் தடுமாறலாம், அவரு தெளிவா இருக்கறப்பவே அவருக்கு என்ன வேணும்னு அவரு வாயாலயே கேட்டு வெச்சுக்கணும்.

எங்க வீட்டுக்காரருக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறையில நெருப்புல காட்டி ஒட்ட வைக்கிற பத்த வைப்பு வேலை. கட்டி இடது பக்கம், பேச்சு வர்ற இடத்துக்கு ஒட்டி. முழுசா எடுக்கப் போனா பேச்சு பாதிக்கலாம், விட்டு வெச்சா சீக்கிரம் வளரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னைக்கு ராத்திரி "ஏங்க, எது போனா உங்களால தாங்க முடியாது"ன்னு கேட்டேன். கைவேலைக்காரரு, ஆனா அவரு கைய சொல்லல, "பாப்பாகூட பேசணும் புள்ள"ன்னாரு. அத அப்படியே டாக்டர்கிட்ட சொன்னோம், அப்பத்தான் டாக்டர், ஆள முழிப்புலயே வெச்சு பேச்சுக் குடுத்துக்கிட்டே செய்யற ஆபரேஷன் பத்தி எடுத்துச் சொன்னாரு. இந்த ஒரு கேள்விய ஒவ்வொரு பெரிய முடிவுக்கு முன்னாடியும் கேளுங்க.

கட்டித் துண்ட எடுத்துப் பாக்கற பயாப்ஸி ரிப்போர்ட் வந்தா கிரேடு, அதாவது கட்டியோட தீவிரம் என்ன, ஐடிஹெச், எம்ஜிஎம்டின்னு ரெண்டு ஜீன் டெஸ்ட் பண்ணியாச்சான்னு கேளுங்க. கிளியோபிளாஸ்டோமாங்கற மூளைப் புத்துக்கட்டின்னா கிரேடு 4, இருக்கறதுலயே தீவிரமானது. எம்ஜிஎம்டி "மெத்திலேட்" ஆயிருக்குன்னு ரிப்போர்ட்ல வந்தா டெமோசோலமைடுங்கற கீமோ மாத்திரை நல்லா கேக்க வாய்ப்பு அதிகம். கிளியோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான வைத்தியம் 2005ல இருந்து பெருசா மாறல, ஆபரேஷனுக்கு அப்பறம் 6 வாரத்துக்கு திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் மொத்தம் 30 தடவ கதிர்வீச்சு, அந்த 6 வாரமும் சனி ஞாயிறு சேத்து தெனமும் மாத்திரை, அப்பறம் கொஞ்சம் இடைவெளி விட்டு 28 நாளுக்கு 5 நாள்னு மாத்திரை. வயசானவங்களுக்கு இதையே சுருக்கி குடுப்பாங்க.

ஊர் பெருசா சின்னதான்னு பாக்கறதவிட இந்த 6 வாரத்த மனசுல வெச்சு எடத்த முடிவு பண்ணுங்க. ஆபரேஷனுக்கு வெளியூர் போனாலும் கதிர்வீச்ச சேலத்துலயே எடுத்துக்கலாமான்னு அந்த டாக்டரையே கேளுங்க, ராத்திரி சொந்த வீட்டுல படுக்கறது பெரிய பலம். வெளியூர்தான்னா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ரயில்வே சலுகை ஃபாரத்துல டாக்டர் கையெழுத்து வாங்குங்க, கூட வர்றவங்களுக்கும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, அட்மிஷனுக்கு முன்னாடியே அந்த கவுண்டர்ல கேட்டுருங்க.

வீட்டுக்கு வந்ததுக்கு அப்பறம் ஆளே மாறிட்ட மாதிரி இருக்கும், இத யாரும் சரியா சொல்லித் தர்றதில்ல. மூளை வீக்கத்துக்கு குடுக்கற டெக்ஸாமெத்தசோன் பசிய கெளப்பி விடும், தூக்கத்த கெடுக்கும், சுகர ஏத்தும். சாயந்தரம் தட்டுவடை செட் வாங்கித் தரச் சொல்லி ஒரே அடம், ரெண்டு பிளேட் சாப்ட்டும் பசிங்கறாரு, முடியாதுன்னா தட்டத் தள்ளிவிட்டு கத்தறாரு, அவரு ஜென்மத்துல என்கிட்ட அப்படி பேசினதே இல்ல. ஃபிட்ஸுக்கு குடுக்கற லெவெடிராசெட்டமும் சிலருக்கு கோவத்த தூண்டும். டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லுங்க, அளவ குறைப்பாங்க இல்ல வேற மாத்துவாங்க, ஆனா நீங்களா டெக்ஸாவ சட்டுனு நிறுத்தவே கூடாது.

ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, சாவிக்கொத்து குடுக்கறதால ஒரு பிரயோஜனமும் இல்ல, மணியப் பாருங்க, 5 நிமிஷம் தாண்டுனா 108. பைக், அடுப்பு, பட்டறை நெருப்பு, ஏற்காடு மலைப்பாதையில வண்டி ஓட்டறது எல்லாம் டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் வேண்டாம். கொல்லிமலை மூலிகைன்னு யாராவது கொண்டாந்தா டாக்டர்கிட்ட காட்டாம குடுக்காதீங்க.

கதிர்வீச்சு முடிஞ்சு எடுக்கற மொத எம்ஆர்ஐல கட்டி பெருசான மாதிரி தெரியலாம், வைத்தியத்தோட வீக்கமே சிலசமயம் அப்படி காட்டும். அதப் பாத்து பதறி ஆஸ்பத்திரி மாத்தறதுக்கு முன்னாடி "இது வளர்ச்சியா, வீக்கமா, எப்ப திரும்ப படம் எடுக்கலாம்"னு கேளுங்க.

கட்டி திரும்ப வந்துருச்சுன்னா, அடுத்த வைத்தியம் எதுக்கு, எவ்வளவு நாள் கூடும், அந்த நாள்ல எத்தன ஆஸ்பத்திரியில போகும்னு ரெண்டு பேரும் கூட உக்காந்து கேளுங்க. வலி நிவாரண சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்)ங்கறது கைவிடறது இல்ல, அந்த டாக்டருங்கள ஆரம்பத்துலயே பாத்துக்கலாம், தலைவலி, வாந்தி, தூக்கம் எல்லாத்துக்கும் வழி சொல்லுவாங்க. வேண்டாம்னு அவரு சொன்னா அதுவும் ஒரு முடிவுதான், மச்சான் மாமன் யாரும் அத மாத்தச் சொல்லி அழுத்தம் குடுக்கக் கூடாது, அந்த இடத்துல நீங்கதான் குறுக்க நிக்கணும்.

பேங்க் நாமினி, ஜாயின்ட் அக்கவுண்ட், நகை அடகு ரசீது, எல்ஐசி பேப்பர், போன் லாக் எல்லாத்தையும் அவரு கை நல்லா எழுதறப்பவே ரெண்டு பேரும் உக்காந்து முடிச்சிருங்க. கை பலம் கொறஞ்சு கையெழுத்து மாறிப்போனா பேங்க்ல ஏத்துக்காம அலைய விடுவாங்க.