மொட்டை மாடியில் விண்கல் தேடுவது எப்படி?

விண்கல் சேகரிக்க ஆசை என்று யாராவது சொன்னால், எங்கே போய்த் தேடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. நம் பக்கம் விழாமல் இல்லை. 1857 பிப்ரவரி 28 அன்று, அப்போதைய மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து 77 கிலோவுக்கு மேல். பார்னல்லி என்ற பெயரில் விண்கல் பட்டியல்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று நம் வயலில் விழட்டும் என்று உட்கார்ந்திருந்தால் பேரப்பிள்ளைகள் காலமும் போய்விடும். இணையத்தில் காசு கொடுத்து வாங்கலாம். உலைக்கசடை விண்கல் என்று விற்பவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. மிகச் சின்ன விண்கற்கள் எல்லா ஊரிலும் எல்லா நாளும் விழுந்துகொண்டே இருக்கின்றன. நுண்விண்கல் என்போம். ரவையைவிடச் சிறியவை, பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவு. வால்மீன்களும் சிறுகோள்களும் உதிர்த்த தூசி நொடிக்கு 11 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று மண்டலத்தில் நுழைகிறது, உருகுகிறது, துளியாகத் திரண்டு இறுகுகிறது, பிறகு சாதாரணத் தூசிபோல மெல்ல இறங்குகிறது. உங்கள் மாடியிலும்தான்.

இவற்றை முதலில் கண்டது கடலுக்கடியில். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பலில் வந்த ஆழ்கடல் சேற்றைக் காந்தத்தால் துழாவி ஜான் மர்ரே எடுத்தார். அப்புறம் அண்டார்டிகாவின் பனியில் தேடினார்கள். ஊருக்குள் கிடைக்காது, மனிதர் உண்டாக்கும் தூசியில் அது தொலைந்துபோகும் என்பதுதான் நெடுநாள் எண்ணம். அதை மாற்றியவர் நார்வேக்காரர் யூன் லார்சன். தொழிலால் ஜாஸ் கிட்டார் கலைஞர். ஓஸ்லோ, பாரிஸ், பெர்லின் நகரங்களின் கூரைக் கால்வாய்களிலிருந்து எடுத்த 300 கிலோ படிவிலிருந்து 500 நுண்விண்கற்கள் கிடைத்தன. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேத்யூ கெஞ்சுடன் சேர்ந்து 2017-இல் ஜியாலஜி ஆய்விதழில் அதை வெளியிட்டார்கள். கணக்குப் போட்டால் சராசரியாக 600 கிராம் அழுக்குக்கு ஒன்று. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், பாதியில் சோர்ந்து போக மாட்டீர்கள்.

1. மாடியும் நாளும்

பெரிய மாடி, கைப்பிடிச் சுவர் உள்ள மாடி, பிள்ளைகள் அதிகம் ஏறாத மாடி. தட்டோடு பதித்ததோ சிமென்ட் பூசியதோ, வழவழப்பாக இருந்தால் போதும். தளம் பெயர்ந்து மணலாக உதிரும் மாடி வேண்டாம். மணலோடு மல்லுக்கட்டியே நேரம் போய்விடும். தெருவில் வெல்டிங் செய்யும் கிரில் பட்டறை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

மழை தூசியை அள்ளிக்கொண்டு போய் வடிகுழாய் வாயில் சேர்க்கும். அதனால் மூலைகளையும் குழாய் வாயையும்தான் முதலில் குறிவைக்க வேண்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு கட்டிய வீடுகளில் குழாய் ஒரு வடிகட்டுத் தொட்டியில் இறங்கும். அந்தத் தொட்டியின் அடிச்சேறு நல்ல சுரங்கம்.

நாள் முக்கியம். வடகிழக்குப் பருவமழை கொட்ட ஆரம்பித்தால் சேர்ந்ததெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். தீபாவளி வந்துவிட்டால் அதைவிட மோசம். ஆகவே புரட்டாசியில், இரண்டுக்கும் முன்பாகப் பெருக்கிவிடுங்கள்.

2. பெருக்குதல்

புது விளக்குமாறு, பிளாஸ்டிக் முறம், ஒரு பிளாஸ்டிக் வாளி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள்; அதிலிருந்து உதிரும் இரும்பும் காந்தத்தில் வந்து ஒட்டும். புறா எச்சம் இருக்கும் இடங்களில் முகக்கவசம் கட்டாயம். கைப்பிடிச் சுவர் இல்லாத கூரையில் ஏறவே வேண்டாம்.

அரை வாளி அழுக்கு சேர்ந்தால் போதும். வாளியின்மேல் தேதி, இடம், தோராயமாக எத்தனை சதுர அடி என்று எழுதி ஒட்டுங்கள். எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாத துகளால் பயன் இல்லை.

3. அரித்தல்

அரிசியில் கல் அரித்த பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளியில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கலக்குங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் நுண்ணிய துகள்கள் தண்ணீர்ப் பரப்பிலேயே மிதந்து ஓடிவிடும். இலை, சருகு, இறகு எல்லாம் மேலே வரும், வழித்து எறியுங்கள். பத்து நொடி தெளியவிட்டு, கலங்கல் நீரை மட்டும் சாய்த்து ஊற்றுங்கள். நீர் தெளிவாக வரும்வரை பத்துப் பதினைந்து தடவை. அடியில் தங்குவது கைப்பிடியளவு கனமான மண்தான். அதைத் தட்டில் பரப்பி வெயிலில் காயவையுங்கள். காற்றடிக்கும் மாடியில் காயவைத்தால் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போய்விடும், சன்னலோரம் வையுங்கள்.

4. சலித்தல்

நமக்கு வேண்டிய அளவு 0.15 முதல் 0.4 மில்லிமீட்டர். அறிவியல் பொருள் விற்கும் கடைகளில் 40-ஆம் எண், 100-ஆம் எண் சல்லடைகள் கிடைக்கும். 40-இல் விழுந்து 100-இல் தங்குவதை வைத்துக்கொள்ளுங்கள். இவை விலை கொஞ்சம் அதிகம். ஆரம்பத்தில் மைதா சலிக்கும் மெல்லிய சல்லடையே போதும். பெரிய மணல் கழிந்தாலே பாதி வேலை முடிந்தது.

5. காந்தம்

பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய நியோடிமியம் காந்தம் மிக நல்லது. அதை ஜிப் கவருக்குள் போட்டு, காய்ந்த தூளின்மேல் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டியதை வெள்ளைத் தாளுக்கு மேல் கொண்டுபோய், கவரிலிருந்து காந்தத்தை உருவினால் துகள்கள் உதிரும். காந்தத்தை வெறுமனே தூளில் விட்டால் அதைச் சுத்தம் செய்வதற்குள் பொழுது விடிந்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தக் காந்தத்தைத் தொட வேண்டாம்.

நாம் தேடுவதில் பெரும்பாலானவை இரும்புக் குண்டுகள் அல்ல, கல் வகை. உள்ளே பொடியாக மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருப்பதால்தான் ஒட்டுகின்றன, அதுவும் பலவீனமாக. ஸ்பீக்கர் காந்தம் அவற்றைத் தவறவிடலாம். அதனால் ஒட்டாத மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், கொட்ட வேண்டாம்.

6. பார்த்தல்

இனிமேல்தான் விண்கல் வேலையே. முதல் தடவை நுண்ணோக்கியில் குனிந்தபோது நான் கத்தியே விட்டேன். கறுப்பாக, பளபளவென்று, உருண்டையாக முந்நூறுக்கும் மேல்! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். முந்நூறும் இரண்டு தெரு தள்ளியிருந்த கிரில் பட்டறையிலிருந்தும் போன தீபாவளியிலிருந்தும் வந்தவை என்று தெரிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. உருகிய இரும்பு காற்றில் பறந்தால் அதுவும் உருண்டையாகத்தான் இறுகும். வானத்திலிருந்து விழுந்தாலும் வெல்டிங் கம்பியிலிருந்து தெறித்தாலும் துளி துளிதான். எனவே விண்கல் எப்படியிருக்கும் என்பதற்கு முன்னால், உங்கள் தெருத் தூசி எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு எளிய வழி. ஓர் எவர்சில்வர் தட்டை வெளியில் வைத்து, அதன்மேல் ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்துங்கள். ஆறியதும் தட்டில் காந்தத்தை ஓட்டினால் குட்டி உருண்டைகள் வரும். மத்தாப்பில் இருக்கும் இரும்புத்தூள்தான் பொறியாகப் பறந்து இப்படி இறுகுகிறது. அவற்றை ஒரு அட்டையில் ஒட்டி 'மத்தாப்பு' என்று எழுதுங்கள். பட்டறை வாசலில் ஒரு சிட்டிகை தூசி கேட்டு வாங்கி 'வெல்டிங்' என்று இன்னொரு அட்டை. (அந்தப் பட்டறைக்காரர் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு பொட்டலமே கட்டிக் கொடுத்தார். என்ன நினைத்தாரோ!) ஆற்று மணலிலிருந்து காந்தத்தில் ஒட்டுவது மூன்றாவது அட்டை, அவை கோணல்மாணலான கறுப்பு மணிகள், உருண்டை இல்லை. அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சாம்பலுக்கும் ஓர் அட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த அட்டைகள் பக்கத்தில் இல்லாமல் நுண்ணோக்கியில் உட்காராதீர்கள்.

நுண்ணோக்கி பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் பார்த்த, அடியிலிருந்து வெளிச்சம் வரும் வகையில் இந்தத் துகள்கள் வெறும் கறுப்பு நிழலாகத் தெரியும். மேலிருந்து வெளிச்சம் விழ வேண்டும். பெட்டியில் '1000 மடங்கு' என்று அச்சடித்த மலிவான யூ.எஸ்.பி. நுண்ணோக்கி அந்த ஆயிரத்தை என்றைக்கும் காட்டாது, ஆனால் தொடக்கத்துக்குப் பரவாயில்லை. 40 மடங்கில் பொறுக்குங்கள். சந்தேகத்துக்குரியதை 100-க்கு மேல் வைத்துப் பாருங்கள்.

கண்ணாடிபோல வழவழவென்று மின்னும் கச்சிதமான உருண்டை, வால் முளைத்த துளி, ஓட்டை விழுந்த வெற்றுக்கூடு, இரண்டு ஒட்டிப் பிறந்தது: இவையெல்லாம் பெரும்பாலும் தெருச் சரக்கு. நமக்கு வேண்டியது அவ்வளவு அழகாக இருக்காது. சற்றே நீள்வட்டம், மங்கிய கறுப்பு அல்லது அடர்சாம்பல், மேற்பரப்பில் ஏதோ ஓர் ஒழுங்கு. மிகவும் நம்பத்தகுந்த அடையாளம் இணையான கோடுகள்: சீப்பு போட்டு வாரியதுபோல வரிசையாக ஓடும். ஆலிவின் என்ற கனிமம் சட்டென்று குளிர்ந்து பட்டைப் பட்டையாக உறைந்ததால் வந்த கோடுகள் அவை. சிலவற்றின் முதுகு ஆமை ஓடு போலத் திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு நுனியில் பளிச்சென்று உலோகப் பொட்டு துருத்திக்கொண்டிருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தனியே எடுங்கள். நிக்கல் கலந்த உலோகமாக இருக்கலாம்.

முழுக்க இரும்பாலான நுண்விண்கற்களும் உண்டு. ஆனால் வெறும் பார்வையில் அவற்றையும் வெல்டிங் உருண்டைகளையும் பிரிக்க முடியாது. ஊர் மாடியில் எடுத்த இரும்பு உருண்டையை விட்டுவிடுங்கள். லார்சனும் கெஞ்சும் வெளியிட்ட 500-ம் கல் வகைதான்.

7. எடுத்து ஒட்டுதல்

மின்விசிறியை நிறுத்துங்கள். சிரிக்க வேண்டாம், என் முதல் கோடு போட்ட துகள் போனது அப்படித்தான். எழுந்து போய் யாரோ ஸ்விட்சைத் தட்டினார்கள், அவ்வளவுதான். பல்குச்சி நுனியைத் தண்ணீரில் லேசாக நனைத்துத் தொட்டால் துகள் ஒட்டிக்கொள்ளும். இருபுறமும் ஒட்டும் டேப் போட்ட சின்ன அட்டையில் இறக்கி, சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுங்கள். வட்டம் இல்லாவிட்டால் மறுநாள் உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் எண். நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே தேதி, மாடி, அளவு, நிறம், படத்தின் கோப்புப் பெயர். படத்தை நான்கைந்து குவியங்களில் எடுத்து மென்பொருளில் சேர்த்தால்தான் உருண்டை முழுக்கத் தெளிவாகும்.

8. உறுதி செய்தல்

கண்ணால் பார்த்து 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். 'ஆம்' என்று சொல்ல எலக்ட்ரான் நுண்ணோக்கியும் அதோடு தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர்ப் பகுப்பாய்வும் வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற இடங்களில் உள்ள பொதுக் கருவிக்கூடங்கள் வெளியார் மாதிரிகளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தருகின்றன. கல்லூரியில் நிலவியலோ இயற்பியலோ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் பேராசிரியரிடம் முதலில் கேளுங்கள். ஆர்வத்தோடு உதவுபவர்கள் உண்டு. ஒரு வாளிக்கு ஒரு துகள் என்று அனுப்பிக் காசைக் கரைக்காமல், நன்றாக வடிகட்டி நான்கைந்து சேர்ந்ததும் அனுப்புங்கள். முடிவில் மக்னீசியம், சிலிக்கன், இரும்பு, ஆக்சிஜன் முக்கியமாக இருந்து, உலோகப் பொட்டில் நிக்கலும் தென்பட்டால் நல்ல செய்தி.

நான் இரண்டு வருடம் பொறுக்கி, நான்கு அனுப்பினேன். மூன்றில் இரும்பும் மாங்கனீசும்தான்; பட்டறைக்காரர் கைவண்ணம். நான்காவதில் மக்னீசியமும் சிலிக்கனும் தலைதூக்கி நின்றன, கோடுகளும் இருந்தன. அந்தத் துகள் முதல் வருடம் நான் 'ஒன்றுமில்லை' என்று மூடி வைத்த டப்பாவிலிருந்து எடுத்தது.