‘ஈக்கோடோப்பியா’ பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூழலியல் திறனாய்வு படிக்கிற மாணவர்கள் கற்பனை நாடு பற்றிய நாவல் ஒன்றைத் தேடும்போது, எர்னஸ்ட் கேலன்பாக் 1975-இல் எழுதிய ‘ஈக்கோடோப்பியா’ எளிதில் அகப்படுகிறது. சின்னப் புத்தகம், நேரான ஆங்கிலம், மரம், சைக்கிள், மறுசுழற்சி என்று எல்லாம் தயாராக இருக்கிறது. படிப்பதும் அவசரம், எழுதுவதும் அவசரம். ஆண்டுக்கு ஆண்டு புதிய கட்டுரைகள் வருகின்றன, தவறுகள் மட்டும் மாறுவதில்லை. பெயர்க் குழப்பம், ஆண்டுக் குழப்பம் எல்லாம் பிழை திருத்தும்போது போய்விடும். அவற்றை இங்கே பேசப்போவதில்லை.

கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வடக்குக் கலிபோர்னியா, ஆரெகன், வாஷிங்டன் மூன்றும் 1980-இல் அமெரிக்காவிலிருந்து பிரிந்து தனி நாடாகின்றன. எல்லை மூடப்படுகிறது. 1999-இல் வில்லியம் வெஸ்டன் என்ற நியூயார்க் நிருபர் முதல்முறையாக அதிகாரபூர்வமாக உள்ளே போகிறார். அவர் பத்திரிகைக்கு அனுப்பும் அறிக்கைகளும் தனக்காக எழுதும் நாட்குறிப்பும் மாறி மாறி வருவதுதான் நாவல்.

தொழில்நுட்ப எதிர்ப்பு நாவல் என்பது

இல்லை. காந்தவிசையில் ஓடும் ரயில், முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி, குழாய்போலப் பிதுக்கி எடுத்த பிளாஸ்டிக்கில் கட்டும் வீடு எல்லாம் உள்ளே இருக்கின்றன.

இலட்சியங்களை விலையிலிருந்து பிரித்து எழுதுவது

அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். கட்டுரையின் நடுப்பகுதி மளிகைச் சீட்டுபோல இறங்கும்: இலவச சைக்கிள், வாரம் இருபது மணி நேர வேலை, கழிவு மறுசுழற்சி, தனியார் கார் கிடையாது, பெண் அதிபர், தொழிலாளர்களே முதலாளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள். பிறகு “இவ்வாறு ஆசிரியர் இயற்கையோடு இயைந்த வாழ்வை வலியுறுத்துகிறார்” என்று ஒரு வரி. இந்த நாவலைத் தூக்கிவிட்டு ஒரு பசுமைப் பிரசுரத்தை வைத்தாலும் கட்டுரையில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது. “அப்படியானால் இதற்கு நாவல் எதற்கு?” என்று தேர்வாளர் கேட்டால் பதில் இருக்காது.

கேலன்பாக் இலட்சியத்தைத் தனியாக எழுதுவதே இல்லை. நான்கு இடங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மரம். ஈக்கோடோப்பியாவில் மரத்தால் வீடு கட்ட ஆசைப்படுகிறவர் காசு கொடுத்து மட்டும் பலகை வாங்க முடியாது. முதலில் காட்டு முகாமுக்குப் போய் உடல் உழைக்க வேண்டும். அவர் எடுத்துக்கொள்ளும் மரத்துக்கு ஈடான மரம் வளர்வதற்கு அந்த உழைப்பு உதவ வேண்டும் என்பது கணக்கு. மாணவர்கள் இதை “மரம் நடும் பண்பாடு” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் வெஸ்டன் தன் அறிக்கையில், பொருளாதாரக் கண்ணால் பார்த்தால் இது பெரிய விரயம் என்று எழுதுகிறார். அந்த ஆட்சேபத்தை ஆசிரியரே அங்கே வைக்கிறார். தச்சு வேலை தெரியாத நான்கு பேர் காட்டில் வந்து நிற்பதால் வேலை வேகமாக நடக்காது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் விதியை வைக்கிறார். பலகையை வாங்குகிறவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று கை வலித்துத் தெரிய வேண்டும், அதற்காக வேலை மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை. இங்கே இலட்சியம் என்பது அந்தத் தேர்வுதான்.

இரண்டாவது, கழிவு. மனிதக் கழிவு வீணாவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயன்றதிலிருந்துதான் இந்த நாவலே முளைத்தது என்று கேலன்பாக் சொல்லியிருக்கிறார். அதனால் இந்தப் பகுதியில் எழுத்து வழக்கத்தைவிட நுணுக்கமாக இருக்கும். உணவுத் துறை அதிகாரி ஒருவர் வெஸ்டனுக்கு விளக்குகிறார். வீடுதோறும் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது கட்டாயம். சாக்கடைக் கழிவையும் உணவுக் கழிவையும் உரமாக்கி வயலுக்கே திருப்புகிறார்கள். பயிர்ச் சுழற்சியும் தொழு உரமும் கூடவே வருகின்றன. இரசாயன உரத்தை முழுக்கக் கைவிட ஏழு ஆண்டுகள் ஆயின. இந்த ‘ஏழு’ பெரும்பாலான கட்டுரைகளில் காணாமல் போகிறது. நாடு பிரிந்த மறுநாள் நிலம் பொன்னாக விளைந்ததுபோல எழுதிவிடுகிறார்கள். செலவைப் பற்றி வெஸ்டன் கேட்கும்போது அதிகாரி தரும் பதிலையும் விட்டுவிடுகிறார்கள். பழைய முறை மலிவாகத் தெரிந்ததற்குக் காரணம், ஆற்றைச் சுத்தம் செய்யும் செலவும் நோய்க்கான செலவும் வேறொருவர் தலையிலும் அடுத்த தலைமுறையின் தலையிலும் விழுந்ததுதான் என்பது அவர் வாதத்தின் சாரம். நாவலின் பொருளாதாரச் சிந்தனை முழுக்க இந்த ஓர் உரையாடலில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, இருபது மணி நேர வேலை வாரம். எல்லோருக்கும் பிடித்த மேற்கோள் இது. இதன் விளைவாக நாட்டின் மொத்த உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது என்று நாவலே சொல்கிறது. தொழில்கள் குலைந்தன, பணம் வெளியே ஓடியது, அரசு சொத்துகளைப் பறிமுதல் செய்தது. ஓய்வு கிடைத்தது, பொருள்கள் குறைந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் ஈக்கோடோப்பியர்கள் ‘நிலைத்த சமநிலை’ என்கிறார்கள். பொருளாதார வளர்ச்சி முடிவில்லாமல் தொடர முடியாது என்று எச்சரித்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ அறிக்கை வந்தது 1972-இல், எண்ணெய் நெருக்கடி 1973-இல். வளராத பொருளாதாரம் ஒன்று சாத்தியமா என்று அமெரிக்கா வாதிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எழுதப்பட்ட பக்கங்கள் இவை. இழப்பை நீக்கிவிட்டு ஓய்வை மட்டும் எழுதினால் அந்த வாதத்தில் நாவல் எந்தப் பக்கம் நிற்கிறது என்றே தெரியாது.

நான்காவது, சைக்கிள். வெள்ளை வண்ணம் பூசிய பொதுச் சைக்கிள்களை யாரும் எடுத்து ஓட்டலாம். அவற்றுக்குப் ‘புரோவோ’ என்று பெயர். 1965-இல் ஆம்ஸ்டர்டாமில் அந்தப் பெயர் கொண்ட இளைஞர் குழு உண்மையிலேயே தெருவில் வெள்ளைச் சைக்கிள்களை விட்டது, போலீஸ் அவற்றைப் பறிமுதல் செய்தது. நாவலில் வெஸ்டன் திருட்டைப் பற்றிக் கேட்கிறார். டாக்சிகளையும் சிறு பேருந்துகளையும் கூட்டுவதைவிடச் சில சைக்கிள்கள் தொலைவது மலிவு என்று ஓர் ஆள் கணக்குச் சொல்கிறார். வெஸ்டன் அதை முழுக்க நம்பவில்லை, மிகைப்படுத்துகிறார் என்று நினைக்கிறார். இவ்வளவு சின்ன விஷயத்திலும் விதி, இழப்பு, சந்தேகம் மூன்றும் இருக்கின்றன.

செய்ய வேண்டியது இது. ஒரு தாளில் கோடு போட்டு ஐந்து நெடுவரிசையாகப் பிரியுங்கள்: விதி என்ன, உழைப்பு யாருடையது, இழப்பு யாருக்கு, மறுப்பவருக்கு என்ன ஆகும், இதை அறிக்கையில் படித்தோமா நாட்குறிப்பிலா. ஒவ்வோர் இலட்சியத்துக்கும் ஐந்தையும் நிரப்புங்கள். நான்காவது நெடுவரிசையைப் பலரும் காலியாக விடுகிறார்கள், அங்கேதான் நாவலின் கடுமை தெரியும். வேண்டுமென்றே நீரையோ காற்றையோ மாசுபடுத்தியவருக்கு ஈக்கோடோப்பியாவில் கடுமையான சிறைத்தண்டனை. ஐந்தும் நிரம்பாத இலட்சியத்தைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம். பத்துப் பக்கக் கட்டுரைக்கு மூன்று இலட்சியங்கள் போதும். ஒவ்வொன்றிலும் விதிக்கு ஒரு பத்தி, விலைக்கு இரண்டு பத்தி என்று வைத்துக்கொண்டால் அளவு சரியாக வரும்.

பிரிவினையை வெறும் பின்னணியாக்குவது

விலைகளில் பெரியது பிரிவினை. அதை “கதைக்காக வைத்த ஏற்பாடு” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவின் கிழக்கு நகரங்களில் அணுகுண்டுகள் புதைத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்ற ஈக்கோடோப்பியர்களின் மிரட்டல்தான் அமெரிக்கா படையெடுக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம். இரகசியமாக நடந்து மறைக்கப்பட்ட ஹெலிகாப்டர் போர் பற்றியும் நாவலில் பேச்சு வருகிறது. அமைதியான தோட்ட நாடு அச்சுறுத்தலின் மேல் நிற்கிறது. இதைச் சொல்லாமல் ‘அகிம்சைச் சமூகம்’ என்று எழுதினால் அது தவறான தகவல்.

சோல் சிட்டியைத் தாண்டிப் போவது

ஈக்கோடோப்பியாவின் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் தனி நகர அரசுகளில் வாழ்கிறார்கள். ஓக்லாந்துப் பக்கம் இருக்கும் சோல் சிட்டிக்குத் தனி வரி, தனி நீதிமன்றம், தனி போலீஸ். இதைப் பற்றிய அறிக்கையின் தலைப்பிலேயே ‘இன ஒதுக்கலா, சமத்துவமா’ என்ற கேள்வி இருக்கிறது. சூழலுக்கு ஒதுக்கிய அக்கறையோடு ஒப்பிட்டால் இந்தப் பகுதி சிறியது, அவசரமானது. இரண்டு வகையாக இதில் தவறு செய்கிறார்கள். ஒரு சாரார் பகுதியையே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது தங்கள் அழகிய முடிவுரையைக் கெடுக்கிறது. இன்னொரு சாரார் ஒரே வரியில் ஆசிரியர் இனவெறியர் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சி 1966-இல் அதே ஓக்லாந்தில் பிறந்தது. கறுப்பின மக்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்ற குரல் கேலன்பாக் வாழ்ந்த பெர்க்லிக்குப் பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. நாவலின் ஏற்பாட்டுக்கு அந்தக் குரலோடு உறவு உண்டு. ஆனால் அங்கே வாழ்கிறவர்கள் அந்த நாவலில் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பக்கங்களை எண்ணிப் பாருங்கள். அந்த மௌனத்தைத்தான் விமர்சிக்க வேண்டும். நீரையும் மண்ணையும் வட்டத்துக்குள் கொண்டுவந்த ஒரு கற்பனை, மனிதர்களைச் சேர்க்க வேண்டிய இடத்தில் கோடு போட்டுப் பிரித்தது ஏன் என்பது முழுக் கட்டுரைக்கே போதுமான கேள்வி.

சடங்குப் போரை விசித்திரம் என்று ஒதுக்குவது

இளைஞர்கள் இரண்டு அணியாக ஈட்டி ஏந்தி நிற்கிறார்கள், இரத்தம் விழும்வரை மோதுகிறார்கள். சில சமயம் சாவும் உண்டு. பெண்கள் ஈட்டி எடுப்பதில்லை. வெஸ்டனே ஒரு மோதலில் இறங்கிக் காயப்படுகிறார். ஆணின் வன்முறை இயல்பானது, அதற்கு ஒரு வடிகால் வேண்டும் என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. பெண் தலைமை, வேரா ஆல்வென் அதிபர் என்று புகழ்ந்து எழுதும் கட்டுரை இந்த நம்பிக்கையையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆண் இப்படி, பெண் இப்படி என்ற பழைய பிரிப்பு இந்தப் புதிய நாட்டிலும் அப்படியே இருக்கிறது.

“நம் முன்னோர்கள் அன்றே இப்படித்தான் வாழ்ந்தார்கள்”

அந்த வரியை அடித்துவிடுங்கள்.

வெஸ்டன் சொன்னதை ஆசிரியர் சொன்னதாக எழுதுவது

“கேலன்பாக் கூறுகிறார்” என்று தொடங்கி வெஸ்டனின் வாக்கியத்தைப் போடுவது வழக்கமாகிவிட்டது. வெஸ்டன் சந்தேகத்தோடு உள்ளே வந்த நியூயார்க்காரர். இரு நாடுகளையும் மறுபடி இணைக்க வழியுண்டா என்று ஆழம் பார்க்கும் இரகசிய வேலையும் அவருக்கு இருக்கிறது. அறிக்கையில் ஒரு குரல், நாட்குறிப்பில் இன்னொரு குரல். காட்டைப் பற்றிய இடத்தில் இது நன்றாகத் தெரியும். அறிக்கையில் மரம் வெட்டும் முறையை ஆர அமர விவரிப்பவர், நாட்குறிப்பில் காட்டு முகாமில் வேலை செய்யும் மரிஸ்ஸா என்ற பெண் மரத்தை வணங்குகிறவள் என்று கண்டு அதிர்ந்துபோகிறார். ஈக்கோடோப்பியர்களுக்கு மரத்தோடு இருப்பது கொள்கை உறவா, பக்தியா என்ற கேள்வி இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எழும். மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணோடு ‘அறிக்கை’ அல்லது ‘நாட்குறிப்பு’ என்றும் குறியுங்கள். ஒரே பொருளை இரண்டிலும் தேடிப் படியுங்கள்.

தீர்க்கதரிசனம் என்பது

சான் பிரான்சிஸ்கோ நகரம் 2009-இல் குப்பையைப் பிரித்துக் கொடுப்பதைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. இதை வைத்து “நாவல் சொன்னது நடந்தது” என்று எழுதுகிறார்கள். அந்த நகரத்தில் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, மாநிலம் பிரியவும் இல்லை. நடந்ததையும் நடக்காததையும் ஒரே பத்தியில் எழுத மனமில்லை என்றால் இந்தத் தலைப்பைத் தொடவே வேண்டாம்.

முடிவுக்குத் தவறான காரணம் சொல்வது

வெஸ்டன் கடைசியில் அங்கேயே தங்கிவிடுகிறார். “சூழல் கொள்கையின் மேன்மையை உணர்ந்து தங்கினார்” என்று எழுதுவது எளிது. நாவலில் அவரை மாற்றுவது புள்ளிவிவரங்கள் அல்ல. மரிஸ்ஸா மீது வந்த காதல், காயப்பட்டுக் கிடந்த நாட்கள், மற்றவர் முன்னால் கோபத்தையும் அழுகையையும் மறைக்கத் தேவையில்லாத ஒரு கூட்டம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவரை இழுக்கின்றன. கொள்கை விளக்கங்கள் அறிக்கைகளில் ஓங்கி நிற்கும்போது, மாற்றம் நாட்குறிப்பில்தான் நடக்கிறது. கடைசி இருபது பக்கங்களைத் தனியாக மறுபடி படித்து, அவர் தடுமாறும் இடங்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெஸ்டனின் குறிப்பேடுகள் நியூயார்க் பத்திரிகையின் கைக்கு வந்தது பற்றி ஒரு பின்னுரையும் இருக்கிறது. அதைப் படிக்காமல் முடிவுப் பத்தியை எழுதக் கூடாது.